பட்ஜெட் பிரீஆம்பில் வால்வு மாற்றினால் எது சரியாகும், எது சரியாகாது: அறிகுறி வாரியாக

பிரீஆம்ப் என்பது சின்ன ஒலி சிக்னலைப் பெருக்கி அடுத்த கருவிக்கு அனுப்பும் பெட்டி; வால்வு, அதில் பெருக்கும் வேலைக்காகச் செருகியிருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய். குறைந்த விலையில் ஒரு வால்வு பிரீஆம்ப் வாங்கியவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் ஓர் ஆசை வரும். உள்ளே இருக்கும் வால்வைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்று போட்டால் என்ன? ஆசையில் தப்பே இல்லை. சாக்கெட்டில் செருகும் பாகம்தானே, பற்றவைக்கக்கூட வேண்டாம், பத்து நிமிட வேலை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் பெட்டியில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்காக மூன்று வால்வு வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்றிலும் அதே உறுமல். கடைசியில் பார்த்தால் அடாப்டர் கோளாறு. அந்த மூன்றும் இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கின்றன.

அதனால் இதை எந்த வால்வு இனிமை என்ற பேச்சிலிருந்து தொடங்காமல், காதில் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த மூன்று பகுதிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

வால்வு பிரீஆம்ப் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒன்று கிடையாது. மலிவானவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை மைக் பிரீஆம்ப். சுவர் அடாப்டரில் ஓடும், உள்ளே 12ஏஎக்ஸ்7 என்ற ரக வால்வு ஒன்றே ஒன்று இருக்கும். மைக்கிலிருந்து வரும் நுண்ணிய சிக்னலைத் தூக்கிவிடும் பெரிய வேலையை இவற்றில் பெரும்பாலும் டிரான்சிஸ்டரோ ஆப்ஆம்ப் எனும் பெருக்கி ஐசியோ செய்துவிடும். வால்வு அதற்கு அடுத்துதான் வருகிறது. அதன் பிளேட்டுக்கு, அதாவது பெருக்கிய சிக்னல் வெளியே வரும் தகட்டுக்கு, கிடைக்கும் வோல்டேஜும் குறைவு. 12ஏஎக்ஸ்7-இன் டேட்டா ஷீட்டில் 100 வோல்ட், 250 வோல்ட் என்று அளவுகள் இருக்கும். இந்தப் பெட்டிகளிலோ சில பத்து வோல்ட்தான். இதை ஸ்டார்வ்டு பிளேட் என்பார்கள். வால்வைப் பட்டினி போட்டு வேலை வாங்குவது.

இரண்டாவது, உள்ளங்கை அளவுப் பலகையில் இரண்டு சின்ன 6ஜே1 வால்வுகளை நிறுத்திய பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஏழு கால். இதிலும் பிளேட் வோல்டேஜ் குறைவுதான். வால்வுக்கு அடியில் ஆரஞ்சு நிற எல்இடி ஒன்று வேஷம் கட்டி நிற்கும்.

மூன்றாவது வகை, 150 முதல் 300 வோல்ட் வரை உண்மையான உயர் அழுத்தத்தில் ஓடுவது. சிடி பிளேயர் போன்றவற்றுக்கான லைன் ஸ்டேஜ் என்றால் பெரும்பாலும் 12ஏயு7, இசைத்தட்டுக்கான ஃபோனோ ஸ்டேஜ் என்றால் 12ஏஎக்ஸ்7 இருக்கும். வால்வு மாற்றம் காதுக்குத் தெளிவாகக் கேட்பது இந்த வகையில்தான். கவனம் இல்லாவிட்டால் ஆளையே கொல்லக்கூடியதும் இதுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சப்ளை கண்டன்சர்கள் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும். மூடியைத் திறக்க வேண்டியிருந்தால், மல்டிமீட்டரில் அந்தக் கண்டன்சர்களின் டிசி வோல்டேஜ் 10-க்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். உயர் அழுத்தத்தை அளந்து பழக்கமில்லை என்றால், இந்த வகையில் மூடியைத் திறக்கும் வேலைகளைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

எது எதற்குப் பதிலாகப் போகும்

ஒன்பது கால் சாக்கெட்டில் செருக முடிகிறது என்பதாலேயே அது மாற்று வால்வு ஆகிவிடாது. அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான்.

12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7 மூன்றும் ஒரே குடும்பம். ஐரோப்பியப் பெயர் முறையே ஈசிசி83, ஈசிசி81, ஈசிசி82. ஒரே கால் அமைப்பு; ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) மூன்றிலும் 12.6 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர், அல்லது 6.3 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர். பெருக்கும் திறன்தான் வேறு: 12ஏஎக்ஸ்7-க்கு 100, 12ஏடி7-க்கு 60, 12ஏயு7-க்கு ஏறக்குறைய 20. இவற்றுக்கு நடுவில் 5751 என்று ஒன்று உண்டு, திறன் 70. 12ஏஒய்7-க்கு 40-ஐ ஒட்டி. 12ஏஎக்ஸ்7-க்குப் பதிலாக இவற்றைச் செருகினால் எதுவும் எரியாது. ஆனால் சுற்றில் இருக்கும் ரெசிஸ்டர் மதிப்புகள் 12ஏஎக்ஸ்7-க்காகக் கணக்குப் போட்டவை. மற்றவை அதில் ஓடும், தங்கள் முழுத் திறமையில் ஓடாது. 5751 மட்டும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டில் 350 மில்லிஆம்பியர் கேட்கும். பொதுவாக அது பெரிய பாரமில்லை.

6டிஜே8, அதாவது ஈசிசி88, வேறு கதை. இதன் ஹீட்டர் 4, 5 கால்களுக்கு நடுவில் 6.3 வோல்ட் மட்டும். ஒன்பதாவது கால் உள்ளே இருக்கும் கவசத் தகடு. 12ஏஎக்ஸ்7 சாக்கெட் 12.6 வோல்ட்டுக்கு வயர் செய்யப்பட்டிருந்தால், அதில் 6டிஜே8-ஐச் செருகியதும் ஹீட்டருக்கு இரண்டு மடங்கு வோல்டேஜ் போகும். ஒரு பளிச், அவ்வளவுதான். தலைகீழாகச் செய்தால் வால்வு மங்கலாக எரிந்து பாதி உயிரோடு நிற்கும். 6என்1பி என்ற ரஷ்ய வால்வு 6டிஜே8-இன் சாக்கெட்டில் பொருந்தும், ஆனால் ஹீட்டர் 600 மில்லிஆம்பியர் இழுக்கும். 6டிஜே8-க்கு 365 போதும். அந்த வித்தியாசத்தைத் தாங்குகிற டிரான்ஸ்பார்மர் மலிவுப் பெட்டியில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

6ஜே1-க்கு 6ஏகே5, 5654, ஈஎஃப்95 பொருந்தும். மாற்றும்போது இரண்டையும் ஒரே ரகமாக மாற்றுங்கள். சில பலகைகளில் இரண்டு ஹீட்டர்களும் தொடராக இணைந்து 12 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மின்னோட்டம் வேறான இரண்டு வால்வுகள் இருந்தால் பங்கு சமமாக இருக்காது. ஒன்று காயும், மற்றொன்று கருகும்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒரு சோதனை

கோளாறு வால்வோடு சேர்ந்து நகர்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த வால்வையும் வாங்காதீர்கள்.

இரண்டு வால்வு இருக்கும் ஸ்டீரியோ பெட்டி என்றால் சுலபம். பவரை அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, இடது வலது வால்வுகளை இடம் மாற்றுங்கள். இடப்பக்கம் கேட்ட சத்தம் வலப்பக்கம் போனால் குற்றவாளி வால்வு. இடப்பக்கமே நின்றுவிட்டால் வால்வு நிரபராதி. சாக்கெட், ரெசிஸ்டர், கண்டன்சர், கேபிள் என்று வேறு எங்கோ. ஒரே வால்வு இருக்கும் பெட்டிக்கு, அதே ரகத்தில் மலிவான, புத்தம் புதிய வால்வு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அது இனிமைக்காக வாங்குவது கிடையாது, சோதனைக் கருவியாக வைத்துக்கொள்வது. நான் வால்வுக்காகச் செலவழித்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கழற்றும்போது நேராக இழுங்கள், மிக லேசாக வட்டமாக ஆட்டிக்கொண்டே. பக்கவாட்டில் வளைத்தால் கால் கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் விரிசல் விடும். கண்ணாடியை விரலால் தொட்டால் கெட்டுவிடும் என்பது ஹாலஜன் பல்பின் கதை, இங்கே ஒட்டாது.

வால்வு எரியவே இல்லை

முதலில் எல்இடி வெளிச்சத்தை நம்பாதீர்கள். 6ஜே1 பெட்டிகளில் ஹீட்டர் செத்துப் போனாலும் கீழிருந்து ஆரஞ்சு வெளிச்சம் அழகாக வந்துகொண்டேயிருக்கும். அறையை இருட்டாக்கி, வால்வின் நடுவில் மெல்லிய குழாய் செந்நிறமாகக் கனிகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து லேசாகத் தொட்டும் பார்க்கலாம். குளிர்ந்து கிடந்தால் சூடேறவில்லை.

ஹீட்டர் தொடரில் இருக்கும் பெட்டியில் ஒன்று அறுந்தால் இரண்டும் அணையும், சீரியல் பல்பு சரம் மாதிரி. 12ஏஎக்ஸ்7-இல் கழற்றிய வால்வின் 4, 9 கால்களுக்கு நடுவிலும் 5, 9 கால்களுக்கு நடுவிலும் ஓம் மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டும் சில ஓம்கள் காட்டி ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று திறந்து கிடந்தால் அந்தப் பாதி போய்விட்டது. 6.3 வோல்ட் வயரிங்கில் மற்ற பாதி எரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் எரிகிறதே, ஆனால் ஒரு சேனலில் சத்தமில்லையே என்று குழம்புவோம்.

வால்வின் உச்சியில் கண்ணாடி போல் பளபளக்கும் பூச்சு இருக்கிறதே, அது கெட்டர். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சுவதற்காகப் பூசிய பேரியம். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. வேறு எந்தச் சோதனையும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

ஹீட்டர் நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் அடாப்டரைப் பாருங்கள். மைக் பிரீஆம்ப் வகையில் பல பெட்டிகள் 9 அல்லது 12 வோல்ட் ஏசி அடாப்டரை எதிர்பார்க்கின்றன. அதே அளவு பிளக் உள்ள டிசி அடாப்டரைச் செருகினால், உள்ளே வோல்டேஜைப் பெருக்கும் சுற்று வேலை செய்யாது. பிளேட் வோல்டேஜ் வராது, சில மைக்குகளுக்குத் தேவையான 48 வோல்ட்டும் வராது. விளக்கு மட்டும் எரிந்து ஏமாற்றும்.

உம் என்ற உறுமல்

உறுமலின் சுருதியைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் அருகே வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் 50-இல் உயர்ந்த கோடு தெரிகிறதா, 100-இல் தெரிகிறதா? 60 ஹெர்ட்ஸ் ஊரில் இது 60, 120.

100 என்றால் ஏசியை டிசியாக்கிய பிறகு வடிகட்டும் பெரிய கண்டன்சர் தளர்ந்துவிட்டது. வால்வுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கரகரப்பு கலந்த உறுமலாக இது கேட்கும்.

50 என்றால் மூன்று பேர் மீது சந்தேகம். எர்த் லூப் முதலாவது, அதாவது கருவிகளின் எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து வளையமாவது. உள்ளே வரும் கேபிள்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, இன்புட்டை ஷார்ட் செய்து, அதாவது அதன் சிக்னல் முனையை எர்த்தோடு இணைத்து, கேளுங்கள். உறுமல் போய்விட்டால் பெட்டிக்கு வெளியேதான் கோளாறு. அடுத்து டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம். பெட்டியையோ அடாப்டரையோ ஓரடி நகர்த்தினால் ஏறி இறங்கும். மூன்றாவதுதான் வால்வு. ஏசியில் எரியும் ஹீட்டரிலிருந்து, அது சூடாக்கும் கேத்தோடு குழாய்க்கு உள்ளுக்குள்ளேயே கசிவு இருந்தால் 50 ஹெர்ட்ஸ் நேராக ஒலியில் கலக்கும். அப்படி ஒரு வால்வு இருந்தால் மாற்றியதும் உறுமல் சட்டென்று மறையும். அந்த அமைதியைக் கேட்கவே ஒரு சுகம். ஹீட்டருக்கு டிசி கொடுக்கும் பெட்டியில் இந்த மூன்றாவது சந்தேகத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிடலாம்.

ஸ்ஸ் என்ற இரைச்சல்

அதிகம் பேர் வால்வு மாற்றுவது இதற்காகத்தான், அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான்.

எந்தச் சுற்றிலும் முதல் நிலையின் இரைச்சல்தான் ஆட்சி செய்யும். அங்கே பிறந்த இரைச்சலைப் பின்னால் வரும் எல்லா நிலைகளும் சேர்ந்து பெருக்கும்; பின்னால் பிறந்ததற்கு அந்த வாய்ப்பில்லை. இப்போது முதல் வகைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். முதல் நிலை ஐசி, வால்வு அதற்குப் பின்னால். மைக் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, ஏற்றும்போது கூடவே ஏறும் இரைச்சல் அந்த ஐசியிலிருந்து வருகிறது. குறைந்த இரைச்சல் என்று தேர்ந்தெடுத்து விற்கும் வால்வை எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அது குறையாது. ஃபோனோ ஸ்டேஜில் நிலைமை நேர் எதிர். முதல் 12ஏஎக்ஸ்7-தான் இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் சில மில்லிவோல்ட்டை நேராகப் பிடிக்கிறது. அங்கே நல்ல வால்வு உண்மையாகவே இரைச்சலைக் குறைக்கும், அதுவும் முதல் சாக்கெட்டில். இரண்டு வால்வு இருந்தால் அமைதியானதை முதலாவதில் போடுங்கள், மற்றதை அடுத்ததில். செலவே இல்லாத முன்னேற்றம்.

எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வால்யூம் குமிழே போதும். முழுவதும் குறைத்த பிறகும் இரைச்சல் அப்படியே இருந்தால், அது வால்யூமுக்குப் பின்னால் இருக்கும் நிலையில் பிறப்பது. வால்யூமோடு ஏறி இறங்கினால் முன்னால்.

மைக் பிரீஆம்புகளில் இன்னொரு வழக்கமான காரணம், குமிழ்களை வைத்திருக்கும் விதம். இன்புட் கெயினைப் பாதியில் வைத்து, அவுட்புட்டை முழுக்கத் திறந்து வைத்தால் வால்வு நிலையின் இரைச்சலும் சேர்ந்து கேட்கும். முன்னால் தாராளமாகக் கொடுத்து, பின்னால் அடக்குங்கள்.

வால்வையும் குமிழையும் தாண்டி இரைச்சல் நிற்கிறது, பெட்டியும் பழையது என்றால், பிளேட் ரெசிஸ்டர் கார்பன் வகையா என்று பாருங்கள். அதை அதே மதிப்பில் மெட்டல் ஃபிலிம் வகையாக மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

பொரிகிற மாதிரி பட் பட் என்று

வால்வு என்று முடிவு கட்டுமுன் சாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். மலிவு சாக்கெட்டின் பிடிப்பு சீக்கிரம் தளரும். வால்வைக் கழற்றி, கால்களை எலக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். சத்தம் போய்விட்டால் அதோடு சரி. தளர்வு தெரிந்தால் பவர் பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரும் காலியான பிறகு, மெல்லிய ஊசியால் சாக்கெட்டின் உலோக நாக்குகளைக் கொஞ்சம் உள்பக்கமாக நெருக்கலாம்.

துடைத்தும் போகவில்லை, வால்வை மாற்றினால் போகிறது என்றால் வால்வுதான். புது வால்வு முதல் சில மணி நேரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட் என்பது உண்டு. அதற்காக உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். ஒரு நாள் ஓடவிட்டும் நிற்காவிட்டால் அனுப்புங்கள். நூறு மணி நேரம் பழக்கினால்தான் குரல் திறக்கும் என்று சொல்வார்கள். அந்த நூறு மணி நேரத்தில் பழகுவது பெரும்பாலும் நம் காது என்பது என் எண்ணம்.

தொட்டால் டிங் என்று மணி அடிக்கிறது

இது மைக்ரோஃபோனிக். உள்ளே கிரிட் (சிக்னல் நுழையும் மெல்லிய வலை) கம்பியோ தகடோ தளர்ந்து, அதிர்வை மின்சிக்னலாக மாற்றுகிறது. பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டுங்கள். எல்லா வால்விலும் ஏதோ கொஞ்சம் டொக் என்று கேட்கும், அது பரவாயில்லை. மணி மாதிரி இழுத்து ஒலித்தால் முதல் நிலைக்கு அது லாயக்கில்லை. கெயின் குறைவான அடுத்த நிலைக்கு மாற்றுங்கள், அங்கே பல வருஷம் உழைக்கும். கண்ணாடிக்குப் போடும் சிலிக்கான் வளையங்கள் ஓரளவு உதவும். பெட்டியை ஸ்பீக்கர் மேல் வைத்திருந்தால் முதலில் கீழே இறக்குங்கள், மற்றது அப்புறம்.

வால்யூமைத் திருகும்போது கரகர

குமிழில் தூசி என்றுதான் எல்லோரும் கிளீனர் அடிப்பார்கள். அடித்து ஒரு வாரத்தில் திரும்ப வந்தால், வால்யூம் கன்ட்ரோலில் டிசி ஏறியிருக்கிறது. டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் அடுத்த நிலைக்குக் கடத்தும் கப்ளிங் கண்டன்சர், முந்தைய நிலையினுடையது, கசியலாம். அல்லது அடுத்த வால்வில் வாயு புகுந்து கிரிட் வழியே மின்னோட்டம் ஓடலாம். வால்வை மாற்றிப் பாருங்கள், போய்விட்டால் வால்வு. போகாவிட்டால் கண்டன்சரின் வெளிப்பக்கம் டிசி அளந்து பாருங்கள். அங்கே ஒன்றுமே இருக்கக் கூடாது. சில வோல்ட் காட்டினால் கண்டன்சரை மாற்ற வேண்டும். ஆறுதலான விஷயம், அதன் விலை எந்த வால்வையும் விடக் குறைவு.

ஒரு பக்கம் சத்தம் கம்மி

ஒரு 12ஏயு7-க்குள் இரண்டு டிரையோடு, அதாவது தனித்தனியாகப் பெருக்கும் இரண்டு பாதிகள், இருக்கின்றன. 1, 2, 3 கால்கள் ஒன்றுக்கு, 6, 7, 8 மற்றதற்கு. சில ஸ்டீரியோ பெட்டிகளில் ஒரே வால்வின் ஒரு பாதி இடதுக்கும் மறு பாதி வலதுக்கும் போகிறது. இரண்டு பாதிகளும் சமமாக வயதாவதில்லை. இப்படிப்பட்ட பெட்டிக்கு வால்வு வாங்கும்போது இரண்டு பாதியும் பொருத்தம் பார்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். தனித்தனி வால்வு உள்ள பெட்டி என்றால் இடம் மாற்றும் சோதனையே பதில் சொல்லிவிடும். அதற்கு முன், வால்யூம் மிகக் குறைவான இடத்தில் மட்டும் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது குமிழின் குறை, மலிவு இரட்டைக் கன்ட்ரோல்களில் சகஜம்.

வால்வு மாற்றியதும் சத்தம் குறைந்துவிட்டது

கோளாறே இல்லை, கணக்கு. 12ஏஎக்ஸ்7-க்குப் பதிலாக 5751 போட்டால் பெருக்கும் திறனில் சுமார் 3 டெசிபல் குறையும், 12ஏடி7 போட்டால் 4.4, 12ஏயு7 போட்டால் 14. இது மேல்வரம்புக் கணக்கு. சுற்றைப் பொறுத்து வித்தியாசம் குறைவாகவும் இருக்கும். ஃபோனோ ஸ்டேஜில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அங்கே இசைத்தட்டுக்கான ஈக்வலைசேஷன் (ஸ்தாயிகளைச் சமன்செய்யும் திருத்தம்) அந்த வால்வின் கெயினையும் உள்தடையையும் வைத்துக் கணக்கிட்டது. ரகம் மாறினால் கீழ், மேல் ஸ்தாயிகளின் சமநிலையே சாயும்.

சத்தம் ஏறினால் ஒலி உடைகிறது

இந்த ஒரு இடத்தில் குறைந்த கெயின் வால்வு வரம். சிடி பிளேயரின் அவுட்புட் 2 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சத்தில் 2.8 வோல்ட். 12ஏஎக்ஸ்7-இன் கிரிட் பயாஸ், அதாவது கிரிட் எவ்வளவு சிக்னலைத் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கும் வோல்டேஜ், வழக்கமாக 1 முதல் 2 வோல்ட்டுக்குள்தான். வால்யூம் கன்ட்ரோல் வால்வுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் முழு சிக்னலும் நேராகக் கிரிட்டில் வந்து மோதும். உச்சங்கள் எல்லாம் நசுங்கும். 12ஏயு7 இயல்பாகவே அதிக பயாஸில் ஓடும் வால்வு. சுற்று அனுமதித்தால் அதைப் போட்டவுடன் இசைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அது முடியாத பட்டினி பிளேட் பெட்டியில், மூலக் கருவியின் அவுட்புட்டைக் குறைப்பதைத் தவிர வழி இல்லை. வால்வு டிஸ்டார்ஷன்தான் வேண்டும் என்று வாங்கியவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

மேல் ஸ்தாயி மங்கல்

வெதுவெதுப்பான வால்வு ஒலி என்று பலர் பாராட்டுவதில் ஒரு பங்கு இதுதான், சும்மா மேல் ஸ்தாயி நழுவுவது. இரண்டு இடத்தில் நழுவும். ஒன்று வெளியே போகும் வழி. 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டரோடு 12ஏஎக்ஸ்7-இன் அவுட்புட் தடை சுமார் 38 கிலோஓம். பிளேட்டிலிருந்து நேராக வெளியே போகும் பெட்டியில் 5 மீட்டர் கேபிள் போட்டால், மீட்டருக்கு 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் (மேல் ஸ்தாயியை விழுங்கும் மின்தேக்கும் தன்மை) என்று வைத்தாலும் 500 ஆகிவிடும். 8 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே 3 டெசிபல் போய்விடும். கேபிளைக் குட்டையாக்குங்கள், எந்த வால்வு மாற்றத்தையும் விட அதிகம் கேட்கும்.

மற்றது உள்ளே வரும் வழி. வால்வின் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே 1.7 பிகோஃபாரட்தான். ஆனால் கெயின் 60 என்றால் அது 100-க்கு மேல் பெருகித் தெரியும். மில்லர் விளைவு என்பார்கள். முன்னால் 500 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோல் பாதியில் நின்றால் 12 கிலோஹெர்ட்ஸ் அருகே மங்கும். வால்யூமை முழுக்கத் திறந்தால் பளிச்சென்று இருக்கிறது, பாதியில் மந்தம் என்றால் இதுதான். கெயின் குறைந்த வால்வு போட்டால் இதுவும் குறையும். 12ஏயு7 தெளிவாக இருக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இதில் காரணம் இருக்கிறது.

மாற்றினேன், எந்த வித்தியாசமும் தெரியவில்லை

இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் நியாயமாக ஒப்பிட்டீர்களா? ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே காது அதை இனிமை என்று சொல்லிவிடும். 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை உள்ளே அனுப்பி, அவுட்புட்டை மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டில் அளந்து, இரண்டு வால்வுக்கும் ஒரு சதவீதத்துக்குள் சமமாக வையுங்கள். அது சுமார் 0.1 டெசிபல். அப்புறம் ஒரே பாட்டை இரண்டிலும் ஓடவிட்டு கம்ப்யூட்டரில் பதிவு செய்து, கோப்புகளுக்கு எண் மட்டும் கொடுத்து, வேறு யாரையாவது மாற்றி மாற்றி ஒலிக்கச் சொல்லுங்கள்.

நான் என் மைக் பிரீஆம்பில் இப்படிச் செய்தபோது, நல்லது என்று நான் காட்டிய கோப்பு பெட்டியோடு வந்த வால்வினுடையது. சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. பட்டினி பிளேட் பெட்டியில் இது அதிசயமும் இல்லை. 250 வோல்ட்டில் சோதித்து முதல்தரம் என்று சீட்டு ஒட்டிய வால்வு, 40 வோல்ட்டில் எப்படி நடக்கும் என்பதற்கு அந்தச் சீட்டு சாட்சி ஆகாது. அந்த அளவில் இரண்டு வால்வுகளுக்கு நடுவில் வித்தியாசம் இருக்கும்தான், ஆனால் அது விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை.

பெயரைப் பார்த்து வாங்குபவர்களுக்கு இன்னொன்று. இன்று புதிதாக வரும் மல்லார்ட், டங்-சோல் என்ற பெயர்கள் ரஷ்யாவின் சரடோவ் நகரில் ஒரே ஆலையில் தயாராகின்றன. பழைய மல்லார்ட் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் தயாரானது. பெயர் வாங்கப்பட்டது, ஆலை வேறு. புதியவை மோசம் என்று சொல்லவில்லை, சில நன்றாகவே இருக்கின்றன. பழைய ஆலையின் குரலுக்காகக் காசு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள், அவ்வளவுதான். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே இதில் நேர்மையானது, சொந்தப் பெயரிலேயே விற்கிறது. உண்மையான பழைய சரக்கு என்று வருவதில் அச்சு மட்டும் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய வால்வின் எழுத்து பொதுவாக விரலால் தேய்த்தாலே அழியும். வேண்டிய பெயரை மறுபடி அச்சடிப்பது சுலபம்.

சமமாக வைத்துக் கேட்டும் வித்தியாசம் இல்லை என்றால், பெட்டியோடு வந்ததையே திரும்பப் போட்டுவிட்டு வேறு இடத்தைப் பாருங்கள். என் பெட்டியில் நான் செய்த வரிசை இது: ஒழுங்கான, போதுமான ஆம்பியர் உள்ள ஏசி அடாப்டர், வால்வுக்கு முன்னும் பின்னும் இருந்த மலிவு எலக்ட்ரோலிட்டிக் கப்ளிங் கண்டன்சர்களுக்குப் பதிலாக, இடம் இருந்த வரைக்கும் ஃபிலிம் வகை, கடைசியாக, சாக்கெட்டில் இருந்ததால் மாற்ற முடிந்த ஆப்ஆம்ப் ஐசி. அடாப்டரிலேயே உறுமல் போய்விட்டது. ஐசி மாற்றியதும் மைக் இரைச்சல் கேட்கும்படியாகக் குறைந்தது. கண்டன்சரில் என்ன மாறியது என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. வால்வு, பெட்டியோடு வந்ததேதான்.